எட்டு முகம், ஒரு பட்டம்: 1949-ஆம் வருடப் படம் பற்றிக் கேள்வி பதில்

கதை என்ன அண்ணா? முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

படம் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்'. பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம்; ராபர்ட் ஹேமர் இயக்கம், ஈலிங் ஸ்டூடியோ தயாரிப்பு. டியூக் (பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்) குடும்பத்துப் பெண் ஒருத்தி இத்தாலியப் பாடகரோடு போய்விடுகிறாள், குடும்பம் தலைமுழுகிவிடுகிறது. அவள் இறந்தபின் குடும்பக் கல்லறையில் இடம்கூடத் தருவதில்லை. துணிக்கடையில் வேலை பார்க்கும் மகன் லூயி, பட்டத்துக்கும் தனக்கும் நடுவில் இருப்பவர்களைத் தீர்த்துக்கட்டக் கிளம்புகிறான். அந்தக் கல்லறை மறுப்பை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அங்கே ஆண் வாரிசுக்குத்தானே பட்டம் போகும்?

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இது இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த பட்டம், பெண் வழியிலும் இறங்கும் என்று படமே சொல்லிவிடுகிறது. நிஜத்திலும் உண்டு: மார்ல்பரோ டியூக் பட்டம் 1722-இல் மகள் ஹென்ரியெட்டாவுக்குப் போனது.

அந்த டியூக் குடும்பத்தாராக நடிகர் அலெக் கின்னஸுக்கு எட்டு வேடமாமே! ஆறு பேர் ஒரே ஷாட்டில் வருவது எப்படி?

தேவாலயக் காட்சியைக் கேட்கிறீர்கள். கேமராவை அசையாமல் இறுக்கிக் கட்டி, லென்ஸுக்கு முன் ஒரு பகுதியை மட்டும் திறந்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, கின்னஸ் மேக்கப் மாற்றி வந்ததும் அடுத்த பகுதி. இடையில் கேமரா துளி நகர்ந்தாலும் எல்லாம் வீண். அதனால் ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் ராத்திரி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். என்ன அர்ப்பணிப்பு!

இத்தனை சாவைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தயங்காமல் பாருங்கள், ரத்தமே கிடையாது. அந்தக் குடும்பத்தில் ஒருவனான, புகைப்படப் பைத்தியம் பிடித்த ஹென்றியின் இருட்டறை விளக்கில் லூயி பெட்ரோலை ஊற்றி வைத்துவிடுகிறான். அப்புறம் தோட்டத்தில் உட்கார்ந்து ஹென்றியின் மனைவி ஈடித்தோடு தேநீர் குடிக்கிறான். தூரத்தில் ஒரு சத்தம். அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு மேலே புகை எழும்புகிறது. பேச்சோ மரியாதை குறையாமல் தொடர்கிறது. கதை சொல்லும் லூயியாக டென்னிஸ் பிரைஸின் குரலும் அதே நிதானம்தான். கின்னஸையே எல்லோரும் பேசுகிறார்கள். படத்தைத் தாங்குபவர் பிரைஸ் என்பேன்.

அமெரிக்காவில் முடிவு வேறாமே?

படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். லூயி சிறையில் எழுதிய வாக்குமூலத்தை அறையிலேயே மறந்துவிட்டு வெளியே வருகிறான். பிரிட்டிஷ் பிரதி அங்கேயே நிற்கிறது. குற்றவாளி தப்பக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் வாக்குமூலம் அதிகாரிகள் கையில் சிக்குவதாகச் சில விநாடி சேர்த்தார்கள். பிரிட்டிஷ் பிரதியைத் தேடிப் பிடியுங்கள்.

படத்தில் பிரபுக்கள் சபையில் கொலை விசாரணை நடக்கிறதே, அது கற்பனையா சார்?

பிரபுக்களைச் சக பிரபுக்களே விசாரிப்பது அன்று உண்மையான உரிமைதான். கடைசியாக 1935-இல் ஒரு கார் விபத்து வழக்கில் பயன்பட்டது, 1948-இல் ஒழித்தார்கள். படத்தின் முதல் காட்சியிலேயே அதன் நிழல் உண்டு: ஒரு டியூக்கைத் தூக்கில் போடப்போகும் ஆள், அவரை எப்படி அழைப்பது என்று பணிவோடு விசாரிக்கிறான்.