பழங்கால பிரான்சில் ஒரு சின்ன விவசாயக் கிராமத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

1300 வாக்கில் ஒரு குடியானவர் என்ன சாப்பிட்டார், யாரைக் காதலித்தார், எதற்குப் பயந்தார் என்று வீடு வீடாகச் சொல்ல முடிகிற ஊர் ஒன்று பிரான்சில் இருக்கிறது. மோன்தாயூ. தெற்கே பிரனே மலையில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில். அன்று அங்கே இருந்தவர்கள் 200, 250 பேர்தான்.

கடுங்குளிர் என்பதால் திராட்சைத் தோட்டம் கிடையாது. கோதுமை, ஓட்ஸ், டர்னிப் கிழங்கு, அப்புறம் ஆடுகள். மேய்ப்பர்கள் குளிர்காலத்தில் மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே, இன்றைய ஸ்பெயினில் இருக்கும் கத்தலோனியாவுக்கு இறங்கிவிடுவார்கள்.

ஆளைவிடக் குடும்பம் பெரிது. குடும்பத் தலைவர் செத்தால் அவருடைய முடியும் நகமும் கொஞ்சம் நறுக்கி எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். இல்லாவிட்டால் வீட்டின் அதிர்ஷ்டம் பிணத்தோடு போய்விடுமாம். வெயில் வந்தால் பெண்கள் வாசலிலும் தாழ்ந்த கூரைகளிலும் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் ஓடும். அம்மா மகனுக்குப் பார்ப்பாள், காதலி காதலனுக்குப் பார்ப்பாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அரச வரலாறுகளில் இப்படியொரு மதிய நேரம் கிடைக்காது.

இதெல்லாம் நமக்குத் தெரிய வந்த வழிதான் மனதை அறுக்கிறது. ஊரில் பலர் திருச்சபை தடைசெய்த கத்தாரியம் என்ற கிறிஸ்தவப் பிரிவின் நம்பிக்கையைப் பின்பற்றினார்கள். 1308-இலேயே பெரியவர்களைக் கூண்டோடு கைது செய்தார்கள். பிறகு 1318 முதல் 1325 வரை ஆயர் ழாக் ஃபூர்னியே விசாரித்தார். ஆட்டுக்குட்டிக்கும் தசமபாகம், அதாவது திருச்சபைக்கான பத்தில் ஒரு பங்கு வரி, கேட்டு வாங்கியவர் இவர். ஆனால் அசாத்தியப் பொறுமைசாலி. மக்கள் தெற்குப் பிரான்சின் ஒக்சித்தான் மொழியில் சொன்னதை எழுத்தர்கள் லத்தீனில் பதிந்தார்கள். 1334-இல் அவரே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். அந்த விசாரணை ஏடு இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

பங்குச் சாமியார் பியேர் கிளெர்க் உள்ளூரக் கத்தாரியர். வெளியே தன் பகையாளிகளைத் திருச்சபை விசாரணைக்காரர்களிடம் காட்டிக்கொடுத்தவர். கடைசியில் அவரும் சிறையில்தான் செத்தார். பியேர் மோரி என்ற மேய்ப்பர் நேர் எதிர். கல்யாணமில்லை, சொந்த வீடில்லை, மலைக்கு மலை நண்பர்கள். தலைமறைவாகத் திரிந்த கத்தாரியர்களுக்குத் தன் கையிலிருந்ததைக் கொடுத்தவர். 1324-இல் அவருக்கும் சிறைத்தண்டனை விதித்தார்கள். திறந்த மேய்ச்சல் நிலத்தில் வாழ்ந்த மனிதருக்கு அதைவிடக் கொடிய தண்டனை இருக்குமா என்று தெரியவில்லை.