ஊசி எடுத்தாலே கை நடுங்குகிறது

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். வயது 31. இரவில் இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் போட்ட வேலையைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போய்விடுகிறது. மூன்று வாரமாக ஊசி எடுத்தாலே கை நடுங்குகிறது. போட்டதைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறேன். இது பொறாமையா, நோயா டாக்டர்?

பதில்: அன்புத் தங்கைக்கு, பொறாமைக்காரி என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் கழுத்தைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அங்கேயுள்ள தைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரந்தாலும் இப்படித்தான் இருக்கும். இரத்தச்சோகையிலும் நெஞ்சு படபடக்கும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இராத்திரி கண்விழிக்க எத்தனை கோப்பி குடிக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரத்தத்தில் குறையில்லை என்றால், இது பெரும்பாலும் பயத்தின் வேலை. பயத்தில் அட்ரினலின் சுரக்கும், கை நடுங்கும், தையல் பிசகும், பிசகியதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும்.

'ஒப்பிடாதீர்கள்' என்று சொல்லமாட்டேன். சொன்னால் கேட்கிற மனம் எனக்கும் இல்லை. திறமையை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் தமக்குக் கிட்டத்தட்டச் சமமானவரோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று 1954-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் எழுதினார். சிக்கல் அந்தச் 'சமமானவர்' யார் என்பதில்தான். நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில் தையல்கார அக்கா ஒருவர்தான். அவரோடு ஒப்பிட அடுத்த லயத்து அக்கா. உங்கள் கைப்பேசியோ, சென்னையில் பலர் சேர்ந்து போட்ட ரவிக்கையை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, பக்கத்து வீட்டுப் பெண் தனியாகப் போட்டதுபோல் காட்டுகிறது. அவர்கள் பிரித்தெறிந்த நூல் படத்தில் வராது. உங்கள் மடியில் கிடக்கிற நூல் மட்டும் உங்கள் கண்ணை உறுத்தும்.

கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். டிசைன் பார்ப்பதைப் பகலுக்கு மாற்றுங்கள், அரை மணி நேரம், நோட்டும் பென்சிலுமாக. ரவிக்கையின் ஒரு கை முழுவதும் முடிகிறவரை எதையும் பிரிக்காதீர்கள். முடிந்ததும் கதவில் மாட்டி நாலடி தள்ளி நின்று பாருங்கள். கல்யாண வீட்டில் யாரும் அதைவிடக் கிட்டே வந்து பார்ப்பதில்லை. இதே தொழில் செய்யும் ஒருவரையாவது நேரில் போய்ப் பாருங்கள், அவர் வீட்டுத் தரையிலும் நூல் கிடக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடந்தால், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால், அதே கிளினிக்கில் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு. வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் எண் 03-76272929, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.