ஓசி கோச் மேல புகார் வந்தா ஸ்கூல் என்ன பண்ணணும்? கேள்வி பதில்

ஸ்கூல்களுக்கு குழந்தைப் பாதுகாப்பு ஆலோசனை சொல்ற வக்கீல் நான். கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்.

கரஸ்பாண்டன்ட்: வாலிபால் கோச் எங்க ஸ்டாஃப் இல்ல, முன்னாள் ஸ்டேட் பிளேயர், பைசா வாங்கல. தப்பா நடந்துக்கிட்டார்னு ஒரு பொண்ணு சொல்லுது. பொறுப்பு எங்களுக்கா?

சட்டம் சம்பளப் பட்டியலை பாக்கல சார். குழந்தைங்க மேல நடக்கிற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீஸுக்கு சொல்லியே ஆகணும், மறைச்சா 21வது பிரிவுல உங்க மேலயே கேஸ், 6 மாசம் வரை ஜெயில், ஸ்கூல் பொறுப்புல இருக்கிறவர் தனக்குக் கீழ இருக்கிறவர் செஞ்சதை மறைச்சா 1 வருஷம் வரை. இன்னையிலேருந்து அவர் கிரவுண்டு பக்கமே வரக்கூடாது, அதையும் எழுத்துல குடுங்க.

ஹெச்.எம்: முதல்ல கோச்சை கூப்பிட்டு விசாரிச்சுடலாமா?

கூடாது. நீங்க கூப்பிட்டதுமே போன்ல இருக்கிற மெசேஜ் அழியும், பிள்ளை வீட்டுக்கு சமாதானம் பேச ஆள் போகும். பிள்ளையையும் ஹெச்.எம், பி.டி. சார், கரஸ்பாண்டன்ட்னு ஆளாளுக்கு சொல்ல வைக்காதீங்க. வாக்குமூலத்தை வீட்டுலயோ பிள்ளை சொல்ற இடத்துலயோ, மஃப்டியில, முடிஞ்ச வரை பெண் எஸ்.ஐ. வந்து வாங்கணும்னு 24வது பிரிவே சொல்லுது.

ஒரு அப்பா: எங்க பையனோட கிரிக்கெட் கோச் தப்பா எல்லாம் நடக்கல, ஆனா கேட்ச் விட்டா ஸ்டம்பால அடிக்கிறார்.

அதுவும் தப்புதாங்க. 14 வயசு வரை கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு அடியையும் மனசு நோகப் பேசுறதையும் தடுக்குது, 18 வரை, பொறுப்புல இருக்கிறவர் பிள்ளையை கொடுமைப்படுத்தினா தண்டிக்கிற ஜுவனைல் ஜஸ்டிஸ் சட்டம் 75வது பிரிவு இருக்கு. இதுல ஒரு ஓட்டை, அந்த 17வது பிரிவை மீறினா சர்வீஸ் ரூல்படி நடவடிக்கைன்னு போட்டிருக்கு, ஓசியில வர்றவருக்கு ஏது சர்வீஸ் ரூல்? அதனாலதான் சேர்க்கும்போதே போலீஸ் வெரிஃபிகேஷன், நடத்தை விதி, கையெழுத்து மூணும் வாங்குங்கன்னு தொண்டை கிழிய கத்துறேன். ஒருத்தரும் வாங்கறதில்ல, பெரிய மனுஷன்கிட்ட எப்படி கேக்கறதாம்.

பழைய மாணவர்: 20 வருஷமா ஊருக்கு உழைச்சவர் மேல ஒரே புகாருக்கு இப்படியா?

அமெரிக்காவுல பென்சில்வேனியா, ஜெர்ரி சாண்டஸ்கினு பேரான ஃபுட்பால் கோச், ஏழைப் பிள்ளைகளுக்கு டிரஸ்ட் வேற. ஒரு ஹைஸ்கூல்ல வாலன்டியரா இருந்தப்ப 2008ல ஒரு பையனும் அவன் அம்மாவும் புகாரோட போனாங்க. அவருக்கு தங்கமான மனசு, அப்படி செய்ய மாட்டார்னு ஸ்கூல்ல சொன்னதா பையன் பின்னாடி கோர்ட்ல சாட்சி சொன்னான். 2012ல 45 குற்றச்சாட்டு நிரூபணம் ஆகி 30லேருந்து 60 வருஷம் ஜெயில். நல்ல பேருதான் சார் அந்த ஆளுக்கு கேட் பாஸ்.

அவரே: அமெரிக்கா கதை எதுக்கு? பொய் புகார்னா?

கெட்ட எண்ணத்தோட பொய் புகார் குடுத்தா 22வது பிரிவு இருக்கு, ஆனா குழந்தைக்கு தண்டனை கிடையாது. நல்லெண்ணத்துல தகவல் சொன்ன ஸ்கூலுக்கும் 19வது பிரிவுலயே பாதுகாப்பு உண்டு. பொய்யா நிஜமான்னு கோர்ட் பாத்துக்கும், நீங்களும் நானும் இல்ல.

இன்னொருத்தர்: டோர்னமென்ட் வசூல்ல கணக்கு இடிக்குது.

ஆடிட்டரை பாருங்க.

பி.டி. சார்: கோச்சை கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டு...

மேல ஹெச்.எம்.க்கு சொன்னதை படிங்க சார். குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098, இல்லன்னா பள்ளிக் கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417.

ஒரு அம்மா: மத்த பேரன்ட்ஸுக்கு என்ன சொல்லணும்?

கோச்சிங் நிறுத்தியாச்சு, போலீஸுக்கு சொல்லியாச்சு, உங்க பிள்ளை ஏதாவது சொன்னா இன்னார்கிட்ட வாங்க, இவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப்ல பேரு, கிளாஸ், ஜெர்ஸி நம்பர் எதுவும் வரக்கூடாது, டீம்ல இருக்கிறதே பன்னெண்டு பேரு, நம்பர் சொன்னா ஊருக்கே யாருன்னு தெரிஞ்சிடும்.