மேலதிகாரியின் பாரபட்சம்: கேள்வி பதில்

கேள்வி (ஓசூர் ஆலைத் தொழிலாளி): எங்கள் பிரிவில் ஓவர்டைம் முழுவதும் சூப்பர்வைசருக்கு வேண்டியவர்களுக்கே போகிறது. சட்டம் இதைக் கேட்குமா, ஐயா?

பதில்: கேட்கும். தகுதியைப் பாராமல் ஒரு சாராருக்கு மட்டும் சலுகை காட்டுவதை முறையற்ற தொழில் நடவடிக்கை என்றே 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை வகைப்படுத்தியது. 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. ஆனால் 'வேண்டியவர்' என்ற சொல்லை மட்டும் வைத்து யாரும் விசாரணை நடத்த முடியாது. நான் பணியாளர் பிரிவில் இருந்தபோது, ஒரு தொழிலாளி ஆறு மாத ஓவர்டைமைப் பாக்கெட் டைரியில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தார்: தேதி, ஷிப்ட், பெயர். பதினெட்டுப் பேர் கொண்ட பிரிவில் நான்கு பெயர்களே மாறி மாறி வந்தன. அதுவரை பொறாமைப் பேச்சு என்று தள்ளிவந்த நிர்வாகம், அடுத்த மாதமே சுழற்சிப் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டியது. அந்த ஓவர்டைம் தாள்களில் மாதந்தோறும் கையெழுத்திட்டவன் நானே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. நீங்களும் இன்றே குறிக்கத் தொடங்குங்கள். சங்கம் இருந்தால் அதன் வழியாகவே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (மத்திய அரசு ஊழியர்): ஆண்டு மதிப்பீட்டில் 'நன்று' என்று போட்டிருக்கிறார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டுமாம்.

பதில்: தேவ் தத் என்ற அரசு ஊழியரின் வழக்கும் இதே சிக்கலில்தான் எழுந்தது. மதிப்பீட்டுக் குறிப்பு எதுவாயினும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டு ஆணைப்படி, அறிக்கை கைக்கு வந்த 15 நாட்களுக்குள் முறையீடு தரலாம். அதிகாரியின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்; முடித்த பணிகளைக் கோப்பு எண்ணோடு எழுதுங்கள்.

கேள்வி (சென்னை, மென்பொருள் நிறுவன ஊழியர்): மேலாளரோடு டீ குடிக்கப் போகிறவர்களுக்கே நல்ல பிராஜெக்ட் கிடைக்கிறது. இப்போது, தன்னோடு தனியே வெளியூர் வந்தால் எனக்கும் தருவதாக ஜாடையாகச் சொல்கிறார்.

பதில்: அம்மா, டீ விஷயத்தை விடுங்கள், பின்னது வேறு வகை. பாலியல் நோக்கத்தோடு வேலையில் சலுகை தருவதாக ஜாடை காட்டுவதும் 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். அவர் சொன்ன சொற்களை நாள், நேரத்தோடு இன்றிரவே எழுதி வைத்துவிட்டு, மூன்று மாதங்களுக்குள் அக்குழுவிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.