3 வட்டிக் கடனை வச்சுக்கிட்டு எஸ்ஐபியா?

அண்ணாச்சி, 80,000 ரூவா 3 வட்டிக் கடன், கையில 60,000 போனஸ், எஸ்ஐபி (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல பணம் போடுறது) போடலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்ப வேண்டாம். நூத்துக்கு மாசம் 3ன்னா வருசத்துக்கு 36 சதவீதம். எந்த ஃபண்டு அதை நிச்சயமாத் தரும்?

60,000ஐயும் அசல்ல கட்டுங்க. மாச வட்டி 2,400லருந்து 600 ஆயிரும். பழையபடி அந்த 2,400ஐயே கட்டிட்டு வந்தா மிச்சமும் பத்து மாசத்துல தீந்துரும்.

கட்டுன அன்னைக்கே புரோநோட்டுப் பின்பக்கம் வரவு எழுதி வாங்கிருங்க. பாளை மார்க்கெட்ல கடை வச்சிருந்தப்ப வாய்ப்பேச்சா விட்டுட்டு, ஒரே 10,000ஐ நான் ரெண்டு தடவ கட்டுனேன்.

கடன் குடுத்தவர் அசலைப் பிரிச்சு வாங்க மாட்டேன்னு சொன்னா, நகையை வங்கியில வச்சு மொத்தமா அடைச்சிருங்க. அங்க பெரும்பாலும் 1 வட்டிக்குள்ளதான். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வைங்க!