கேள்வி-பதில்: தீவுக்குக் கற்கப் போகிறவர்களுக்கு

ஹட்டன் வாசகி: யாழ்ப்பாணத் தீவுகளில் நான்கு நாள், பனையோலைப் பின்னல் கற்றுத் தருவோம் என்று பணம் வாங்கினார்கள். நெடுந்தீவில் ஒரு அம்மா பின்னுவதைப் பத்து நிமிடம் பார்த்ததோடு சரி. பணத்தைத் தர மறுக்கிறார்கள்.

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. விளம்பரம், பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அவர்களின் 1977 இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

வேடிக்கை காட்டிவிட்டுப் பயிற்சிக்குக் காசு வாங்கும் இந்த வியாபாரம் எனக்கு நெடுநாள் ஆத்திரம். சார்வோலையை, அதாவது பனையின் இளம் ஓலையை, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சின்னப் பெட்டிக்கு அடி போடவே புதுக்கைக்கு அரை நாள் ஓடிவிடும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் சுமார் ஒரு மணித்தியாலம், திரும்பி வர இன்னொன்று. ஒரே நாளில் மூன்று தீவு என்று அட்டவணை நீட்டினால் அங்கே படிப்பு கிடையாது. கற்றுத் தருவது யார், எத்தனை மணித்தியாலம், ஓலை யார் செலவு, அந்த அம்மாவின் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகே முற்பணம் கொடுங்கள்.

நுவரெலியா வாசகர்: மாலைதீவில் ஸ்கூபா பயிற்சி. கடைசி நாள் காலையிலும் கடலில் இறங்கிவிட்டு இரவு விமானம் ஏறலாம் என்கிறார் முகவர்.

பதில்: ஏறக் கூடாது. பல தடவை மூழ்கியவர் குறைந்தது 18 மணித்தியாலம் தரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, உடம்பில் கரைந்த நைதரசன் குமிழாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். உங்கள் ஊரோ 1,868 மீற்றர் உயரத்தில். திருகோணமலைப் புறாத்தீவில் மூழ்கிவிட்டு அன்றே வாகனத்தில் மலையேறினாலும் அதே ஆபத்துத்தான். முகவரை மாற்றுங்கள்.

பண்டாரவளை வாசகர்: பயண முகவரிடம் காசைக் கையில் கொடுத்தேன், பற்றுச்சீட்டுத் துண்டு வாங்கவில்லை. இப்போது ஆள் போனை எடுப்பதில்லை.

பதில்: துண்டில்லாமல் கொடுக்காதீர்கள் என்று எத்தனை தரம் எழுதுவது? பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

பதுளை வாசகி: நயினாதீவுக்கு எப்போது போகலாம்? கமராவுக்கு என்ன பை வாங்குவது?

பதில்: நவம்பர், டிசம்பர் வேண்டாம், வடகீழ்ப் பருவமழை. நீர் புகாது என்று சொல்லி எனக்கு விற்ற பை, நயினாதீவுப் படகில் முதல் சாரலிலேயே தையல் வழியே நனைந்து கைபேசியைக் கெடுத்தது. மழைக்குத்தான் அது, கடலுக்கில்லை என்றார் கடைக்காரர். தையல் இல்லாமல் ஒட்டிய, வாயைச் சுருட்டிப் பூட்டும் பையாகப் பாருங்கள். உள்ளே கடதாசி வைத்து, கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.