உயிரோடு இருப்பவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் அவதூறு இருந்தால், விவாதிக்காமல் நீக்கலாமா?

நீக்கலாம். ஆதாரமில்லாமல் ஒருவரைப் பழிக்கும் வரி என்றால், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் 2005இல் நடந்த ஒரு கூத்து இருக்கிறது. ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி ஆகியோரின் கொலைகளில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவிட்டார். சீகன்தாலரோ ராபர்ட் கென்னடியிடமே வேலை பார்த்தவர், ராபர்ட்டின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர்! அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. அவர் பத்திரிகையில் எழுதியதும் விஷயம் பெரிதானது. வாழும் நபர்களுக்கான தனிக் கொள்கை உருவானது அப்புறம்தான்.

சரி, ஆதாரம் இருந்தால்? செய்தி உண்மையாகவே இருக்கட்டும். ஒருவருடைய வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் கலைக்களஞ்சியத்துக்கு எதற்கு?